அறிந்தவருக்குத் திறக்கும் கதவு

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் உங்களிற் சிலருக்கு வியப்பைத் தரலாம். சிலருக்கு எரிச்சலாகவும் இருக்கலாம். ஓர் இலக்கிய நிகழ்ச்சியிலே கணினி விளையாட்டுகளைப் பற்றிப் பேசப் போகிறேன். பிள்ளைகள் கைத்தொலைபேசியும் கையுமாக இருக்கிறார்கள், கூப்பிட்டாலும் காதில் விழுவதில்லை, புத்தகத்தைத் தொடுவதே இல்லை என்ற முறைப்பாட்டை நாள்தோறும் கேட்கின்ற ஆசிரியர்களுள் நானும் ஒருவன். அம்முறைப்பாட்டில் உண்மை உண்டு. ஆனாலும் எல்லாப் புத்தகமும் ஒரு தரத்தனவல்ல என்று சொல்லும் நாம், எல்லா விளையாட்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுவது முறையாகாது. அண்மைக்காலத்தில் வளர்ந்துள்ள ஒருவகை விளையாட்டு, இலக்கியம் கற்போரும் கற்பிப்போரும் கவனித்துப் பார்க்கத்தக்கது. அதிலிருந்து நம்முடைய வகுப்பறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரு செய்தி உண்டு என்று நான் கருதுகிறேன்.

பெரும்பாலான கணினி விளையாட்டுகளிலே ஆடுபவர் ஒரு பாத்திரத்தை நடத்திச் செல்கிறார். வழியில் ஒரு கதவு பூட்டியிருக்கும். அதைத் திறக்க ஒரு கருவி வேண்டும். அக்கருவி வேறோர் இடத்திலே இருக்கும். தேடி எடுத்து வந்தால் கதவு திறக்கும். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1986இல் வெளியிட்ட 'மெட்ரொய்ட்' இத்தகைய விளையாட்டுகளுக்கு முன்மாதிரியாக அமைந்தது. அதிலே சிவப்புக் கதவுகளைத் திறப்பதற்கு ஏவுகணை வேண்டும். ஏவுகணை கிடைக்கும்வரை ஆடுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அக்கதவின் முன் நிற்கத்தான் வேண்டும். அங்கே வளர்வது திரையில் உள்ள பாத்திரமேயன்றி, ஆடுகின்ற மனிதரல்லர்.

நான் சொல்லவந்த வகை இதற்கு நேர்மாறானது. அங்கேயும் கதவுகள் உண்டு. ஆனால் அவற்றைத் திறக்கும் கருவி விளையாட்டுக்குள் எங்கும் இல்லை. ஆடுபவர் கண்டும் கேட்டும் ஒப்பிட்டும் தாமாக அறிந்துகொண்ட ஒன்றுதான் கதவைத் திறக்கிறது. அதை அறிந்த ஒருவர் முதல் நாளிலேயே கடைசிக் கதவுவரை போய்விடலாம். அறியாதவர் ஒரு வருடம் சுற்றினாலும் புறப்பட்ட இடத்திலேயே நிற்பார்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 2019இல் வெளிவந்த 'அவுட்டர் வைல்ட்ஸ்' என்னும் விளையாட்டு. அமெரிக்காவின் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலே அலெக்ஸ் பீச்சம் என்ற மாணவர் தம் முதுமாணிப் பட்டத்துக்கான ஆக்கமாகத் தொடங்கியது, பின்னர் மோபியஸ் டிஜிட்டல் என்னும் குழுவினரால் முழு விளையாட்டாக வளர்க்கப்பட்டது. 2020இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருதுகளிலே சிறந்த விளையாட்டு என்ற விருதையும் அது பெற்றது.

அதிலே நாம் ஒரு சிறிய கோளில் வாழும் இளம் விண்வெளிப் பயணி. ஓடம் போன்ற ஒரு சிறு விண்கலம் நம்மிடம் உண்டு. நம் சூரியனைச் சுற்றி வேறு சில கோள்களும் இருக்கின்றன. எங்கும் போகலாம், எதையும் பார்க்கலாம், தடுப்பவர் எவருமில்லை. ஆனால் ஏறத்தாழ 22 நிமிடங்கள் கழிந்ததும் சூரியன் வெடித்துச் சிதறுகிறது. எல்லாம் அழிகின்றன. மறுகணம் நாம் தொடக்கத்தில் இருந்த அதே முகாம் நெருப்பின் பக்கத்திலே கண் விழிக்கிறோம். மீண்டும் அதே 22 நிமிடங்கள். சேர்த்துவைத்த பொருள் எதுவும் நம்முடன் வருவதில்லை. வருவதெல்லாம் நாம் அறிந்தவையே.

அங்கே இரட்டைக் கோள்கள் இரண்டு உள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மணல் இடைவிடாது பாய்கிறது. ஒன்று வெறுமையாக, மற்றது நிரம்புகிறது. ஆகவே ஒரு குகைக்குள் தொடக்கத்திலே நுழைந்தால் நடந்து திரியலாம். காலந்தாழ்த்தி நுழைந்தால் மணல் மூடிவிடும். மற்றக் கோளிலோ, மணல் வடிந்த பின்னரே கட்டடங்கள் வெளியே தெரியும். முதன்முறை அங்கே போகிறவருக்கு இது தெரியாது. இரண்டாம் முறை தெரியும். மணலும் மாறவில்லை, குகையும் மாறவில்லை. எப்போது போகவேண்டும் என்பது மட்டும் நமக்குத் தெரிந்துவிட்டது. அந்த உலகில் முன்பு வாழ்ந்து மறைந்த ஓர் இனத்தாரின் சுவரெழுத்துகளை வாசித்து வாசித்து, அவர்கள் எதைத் தேடினார்கள், ஏன் மறைந்தார்கள், சூரியன் ஏன் வெடிக்கிறது என்பதையெல்லாம் துண்டு துண்டாகக் கோத்துக்கொள்கிறோம். மேலும் சொன்னால், நேயர்களுள் என்றாவது அதை ஆடக்கூடிய ஒருவருடைய இன்பத்தை நான் களவாடியவனாவேன். ஆதலால் இவ்வளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

இந்த வகை விளையாட்டின் இயல்பையும் அதுவே காட்டுகிறது. இதை ஒருமுறைதான் உண்மையில் ஆடலாம். அறிந்துவிட்ட ஒன்றை அறியாததாக்கிக்கொள்ள எவராலும் முடியாது. விடையை வேறொருவர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்த ஒருமுறையும் கெட்டுப்போகும். கதவு திறக்கும், ஆனால் திறந்தது நாமல்ல.

இன்னொரு விளையாட்டு, லூகாஸ் போப் என்பவர் 2018இல் வெளியிட்ட 'ரிட்டர்ன் ஒஃப் த ஒப்ரா டின்'. காலம் 1807. கீழைத்தேசம் நோக்கிப் புறப்பட்டுக் காணாமற்போன ஒரு வணிகக் கப்பல், உயிருள்ள ஒருவருமின்றி இங்கிலாந்தின் துறைமுகமொன்றுக்குத் திரும்பி வருகிறது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் காப்புறுதிப் பரிசோதகராக நாம் அதிலே ஏறுகிறோம். பயணம் செய்தவர்கள் 60 பேர். ஒவ்வொருவரும் யார், அவருக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒவ்வொருவரும் இறந்த கணத்தை உறைந்த காட்சியாகக் காட்டும் ஒரு மாயக் கடிகாரம் மட்டுமே நமக்குத் துணை.

முகங்கள் தெரியும், பெயர்கள் தெரியா. பெயர்ப்பட்டியல் கையில் உண்டு. எந்தப் பெயர் எந்த முகத்துக்குரியது என்பது தெரியாது. ஒருவருடைய பேச்சின் தொனி, ஒருவர் அணிந்த தொப்பி, ஒருவர் படுத்திருந்த தூங்கணை, ஒருவர் யாருக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்கிறார் என்பன போன்ற சிறு சிறு குறிப்புகளிலிருந்தே உய்த்துணர வேண்டும். மூன்று பேருடைய விவரம் சரியாக அமைந்த பின்னரே, சரி என்று விளையாட்டு ஒப்புக்கொள்கிறது. ஆகவே குருட்டு ஊகத்துக்கு அதிக இடமில்லை. அப்பட்டியலிலே இந்தியாவைச் சேர்ந்த மாலுமிகளும் இருக்கிறார்கள். கம்பனிக் காலத்துக் கப்பல்களிலே ஆசிய மாலுமிகள் பலர் உழைத்தார்கள் என்பது வரலாறு. அவர்களுட் பலருடைய பெயரும் முகமும் நமக்கு இன்று தெரியா. ஒரு விளையாட்டுக்காகவேனும் அத்தகைய ஒருவரை உற்றுப் பார்த்து, இவர் யார், எந்த நாட்டவர், எப்படி இறந்தார் என்று கேட்கவேண்டி வருகிறதே, அது சாதாரண காரியமன்று. நல்ல நாவல் ஒன்றும் இதைத்தான் நம்மிடம் கேட்கிறது.

இவையெல்லாம் மேனாட்டார் புதிதாகக் கண்டுபிடித்தவையா என்று கேட்டால், வடிவம் புதிது, உள்ளம் பழையது என்றே சொல்ல வேண்டும். தமிழர்களாகிய நமக்கு இந்த இன்பம் அந்நியமானதன்று. மலையகத்திலே விடுகதை என்கிறோம். வடக்கிலும் கிழக்கிலும் நொடி என்பார்கள். தொல்காப்பியர் செய்யுளியலிலே 'பிசி' என்று இதற்கு ஓர் இடமே வகுத்திருக்கிறார். கதவில்லாத வெள்ளை வீடு என்று கேட்டு முட்டை என்ற விடைக்குக் கொண்டுவரும் பாட்டி, விடையை உடனே சொல்லிவிடுவதில்லை என்பதைக் கவனியுங்கள். "யோசித்துப் பார்" என்பார். தோல்வியை ஒப்புக்கொண்ட பின்னரே சொல்வார். சொல்லும்போதும் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வார்.

புலவர்கள் இதனை மேலும் நுட்பமாக்கினார்கள். தண்டியலங்காரம் கூறும் சித்திரக்கவிகளிலே மாலைமாற்று உண்டு. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும். திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் இவ்வாறு பாடியிருக்கிறார். கரந்துறை செய்யுள் என்று மற்றொன்று உண்டு. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள்ளே இன்னொரு செய்யுள் ஒளிந்திருக்கும். அந்த முறையை அறியாதவர் ஆயிரம் தடவை படித்தாலும் ஒரு செய்யுளைத்தான் காண்பார். அறிந்தவர் இரண்டைக் காண்பார். ஏட்டில் இருப்பதோ ஒரே எழுத்துகள்.

சித்திரக்கவியைச் சொல்விளையாட்டு என்று ஒதுக்குவோரும் உளர். அவர்கள் சங்க அகப்பாடல்களை எண்ணிப்பார்க்கட்டும். உள்ளுறை உவமம் என்பது என்ன? வெளியே பார்த்தால் ஒரு வயலும், அதில் ஒரு மீனும், கரையில் ஒரு மரமும் தெரியும். தலைவனுடைய நடத்தையைப் பற்றி வெளிப்படையாக ஒரு சொல்லும் இராது. மருதத் திணையின் இயல்பையும், கூற்று யாருடையது என்பதையும், கேட்பவர் யார் என்பதையும் அறிந்தவருக்கே அந்த மீன் வெறும் மீனாக இல்லாமற் போகிறது. பத்துப் பாடல்களைப் படித்தவர் பதினொராவது பாடலைத் தாமே திறக்கிறார். சங்க இலக்கியத்தைப் படிப்பவர் இவ்வாறுதான் உள்ளே போகிறார்; வேறு குறுக்கு வழி இல்லை.

உண்மை வரலாற்றிலிருந்தும் ஒன்றைச் சொல்லலாம். 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியிலே தமிழாசிரியராக அமர்ந்த இளைஞர் உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்திக்கிறார். தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் வரிசையாகச் சொல்கிறார். முதலியார் வியக்கவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். பின்னர் அந்நூலின் பிரதியையும் கொடுக்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட ஐயருக்கே அந்நூல் பிடிபடவில்லை. தமிழ் தெரியாமையால் அன்று. அந்நூல் பிறந்த சமண சமயத்தின் உலகம் அவருக்குத் தெரியாமையால்.

அவர் என்ன செய்தார்? கும்பகோணத்திலே வாழ்ந்த ஜைனர்களின் வீடுகளுக்குப் போனார். அவர்களுடைய கோட்பாடுகளையும் வழக்குகளையும் சொற்களையும் கேட்டறிந்தார். நச்சினார்க்கினியரின் உரையைத் திரும்பத் திரும்பப் படித்தார். அவ்வுரையிலே பெயர் சொல்லாமல் மேற்கோள் காட்டப்பட்ட அடிகள் எந்த நூல்களைச் சேர்ந்தவை என்ற கேள்வி அவரை ஏடு தேடி ஊர் ஊராக அலையவைத்தது. 1887இல் சிந்தாமணி அச்சாயிற்று. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகள் திறந்தன. அதே காலத்திலே நமது யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களும் 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்துத் தந்தார்கள். ஏடுகள் அதற்கு முன்பும் மடங்களிலும் வீடுகளிலும் கிடந்தனவே. ஒரு நூலிலே அறிந்தது அடுத்த நூலுக்கு வழிகாட்டும்வரை அவை திறக்கவில்லை.

இத்தகைய கற்றல் மனிதருக்கு மட்டும் உரியதா என்று கேட்டால், வில்கமுவப் பக்கத்தவர்கள் சிரிப்பார்கள். மகாவலிக்கும் அம்பன் கங்கைக்கும் இடையே பரந்துள்ள வஸ்கமுவ வனம் 1984இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. மகாவலி அபிவிருத்தித் திட்டத்தால் இடம்பெயர்ந்த வனவிலங்குகளுக்குப் புகலிடம் வேண்டும் என்பதே நோக்கம். அதன் எல்லையிலுள்ள ஊர்களிலே யானை வயலுக்கு இறங்குவது கதையன்று, வாழ்க்கை. யானையைத் தடுக்க மின்வேலி போடுகிறார்கள். முதலிலே அதைத் தொட்ட யானை அதிர்ந்து பின்வாங்குகிறது. ஆனால் நாளடைவிலே சில யானைகள் அவதானிக்கின்றன. மரத்தைச் சாய்த்து வேலியின் மீது விழுத்தினால் கம்பி தாழ்கிறது. கம்பத்தைத் தள்ளினால் வேலி சரிகிறது. இதனை அறிந்துகொண்ட யானைக்கு முந்திய நாளைவிட வலிமை கூடிவிடவில்லை. வேலியிலும் மின்சாரம் குறையவில்லை. நேற்றுவரை எல்லையாக இருந்தது இன்று அதற்கு எல்லையன்று. உழவர்களும் விடுவதில்லை. யானை எதை விரும்பாது, எப்போது வரும், எவ்வழியே வரும் என்று அவர்களும் படிக்கிறார்கள். யானைக்குப் பிடிக்காத தோடை இனப் பயிர்களை வேலியோரத்தில் வளர்க்கும் முயற்சியும் இப்பகுதியில் நடந்திருக்கிறது. உயிரும் விளைச்சலும் பணயமாக உள்ள அந்த ஆட்டத்தை விளையாட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் தானே கண்டறிந்த ஒன்று எத்துணை ஆழமாகப் பதியும் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்ட வேறு சான்று வேண்டியதில்லை.

இனி, தமிழர் ஒருவரே ஆக்கிய விளையாட்டு ஒன்றுக்கு வருவோம். கனடாவின் ரொறன்ரோ நகரிலே இயங்கும் 'விசை' என்னும் சிறு குழு, அபி என்பவரின் தலைமையில் 2023 யூலையில் வெளியிட்ட விளையாட்டின் பெயர் 'வெண்பா'. ஆம் நேயர்களே, நம் யாப்பிலக்கணத்து வெண்பாதான். அது கதைத்தலைவியின் பெயர். கணவன் பெயர் பாவலன். மகன் பெயர் கவின். 1980களிலே தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தின் கதை அது. 2024இல் அமெரிக்காவில் நடைபெற்ற சுயாதீன விளையாட்டு விழாவிலே தலையாய பரிசை அது வென்றது. முன்னர் 'அவுட்டர் வைல்ட்ஸ்' 2015இலும், 'ஒப்ரா டின்' 2019இலும் பெற்ற அதே பரிசுதான். அவ்வாண்டு பாஃப்டா விருதுகளிலும் சிறந்த அறிமுக ஆக்கமாக 'வெண்பா' தெரிவுசெய்யப்பட்டது.

அதிலே ஆடுபவர் செய்ய வேண்டியது சமையல். வெண்பாவிடம் தாயின் சமையற் குறிப்பேடு ஒன்று உள்ளது. பக்கங்கள் கிழிந்தும் எழுத்துகள் அழிந்தும் போய்விட்டன. விடுபட்டதை நாம் ஊகித்து நிரப்ப வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி சரியாக ஏறும்? பிட்டுக் குழலிலே மாவையும் தேங்காய்ப்பூவையும் எந்த ஒழுங்கிலே இடவேண்டும்? பிழைத்தால் மீண்டும் தொடங்க வேண்டும். சிறிய, எளிய விளையாட்டுத்தான். ஒரு மாலைப்பொழுதுக்குள் முடிந்துவிடும். ஆனால் அதற்குள் ஒரு கேள்வி இருக்கிறது. நம் வீட்டுச் சமையலறையில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் புதிர் புதிரே அன்று. அம்மாவின் பக்கத்தில் நின்று பார்த்ததே போதும். வேறு நாட்டவர் ஒருவரோ கண்டுபிடித்துத்தான் ஆகவேண்டும். அவர் கண்டுபிடித்து மகிழ்வதை, பார்த்துப் பழகியதால் நாம் கவனிக்கத் தவறியிருக்கிறோம்.

கவினின் நிலை இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. பாடசாலைத் தோழர்கள் தன்னை வேறு பெயரால் அழைப்பதை அவன் விரும்புகிறான். தாய் தரும் உணவுக்கு முகம் சுளிக்கிறான். பின்னர், வளர்ந்து தனியே வாழும் காலத்திலே அதே குறிப்பேட்டைத் திறக்கிறான். தாய்மொழியின் எழுத்து அவனுக்குத் தட்டுத்தடுமாறியே பிடிபடுகிறது. தன் வீட்டுச் சமையலே அவனுக்குப் புதிராகிவிடுகிறது. அவன் அதைத் தன் முயற்சியால் மெல்ல மெல்ல மீட்டெடுக்கிறான். புலம்பெயர்ந்த நாட்டில் மட்டுமா இது நிகழ்கிறது? சிங்களமொழி பேசுவோர் பெரும்பான்மையாக வாழும் நமது பகுதிகளிலும், தமிழை வீட்டிலே பேசி வெளியிலே வேறு மொழியில் வாழும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு மொழி வாய்ப்பது பெரும் பேறு. ஆனால் பாட்டியின் விடுகதை விளங்காமற்போகுமானால், ஒரு வீட்டின் ஒரு கதவு உள்ளிருந்தே பூட்டப்பட்டதாகும்.

இப்போது நான் முதலிலே சொன்ன வகுப்பறைக்கு வருகிறேன். இலக்கியத்தை நாம் எவ்வாறு கற்பிக்கிறோம்? க.பொ.த. சாதாரண தரத்துக்கோ உயர்தரத்துக்கோ ஒரு செய்யுள் பாடமாக இருக்கிறது. மாணவர் அதை வாசிக்கும் முன்பே பொழிப்புரை கையில் வந்துவிடுகிறது. கூடவே அணி என்ன, உவமை என்ன, கவிஞரின் நோக்கம் என்ன, நயம் எத்தனை என்று எண்ணிட்டு எழுதிய குறிப்பும் வந்துவிடுகிறது. கடந்தகால வினாத்தாள்களில் கேட்கப்பட்ட வினாக்களும் அவற்றுக்கு எழுதவேண்டிய விடைகளும் அச்சிட்டுக் கிடைக்கின்றன. மாணவர் மனனம் செய்கிறார், பரீட்சையில் எழுதுகிறார், புள்ளியும் பெறுகிறார். அந்தச் செய்யுளை அவர் எப்போதாவது வாசித்தாரா என்று கேட்டால், விடை சொல்வது கடினம். விளையாட்டை ஆடாமலே அதன் முடிவைத் தெரிந்துகொண்டவரின் நிலைதான் அவருக்கும். அதைவிடத் துயரமானது, இனி அச்செய்யுளை அவர் புதிதாக வாசிக்க முடியாது என்பது. ஒரு கவிதையை முதன்முறையாக எதிர்கொள்ளும் வாய்ப்பு ஒருவருக்கு ஒருமுறைதான் வருகிறது. அதை நாம் குறிப்புத்தாளுக்குப் பலியிடுகிறோம்.

ஆசிரியர் எதுவுமே சொல்லக்கூடாது என்று நான் வாதிடவில்லை. அவ்வாறு சொல்வது அநீதியும் ஆகும். வீட்டிலே புத்தக அடுக்கு உள்ள பிள்ளைக்குப் பாதி வழி தெரிந்திருக்கும். தோட்டத்து லயத்திலிருந்தோ, காட்டோரக் குடியேற்றத்திலிருந்தோ வரும் பிள்ளையிடம் "நீயே கண்டுபிடி" என்று சொல்லிவிட்டு ஒதுங்கினால், அப்பிள்ளை வாசலிலேயே நின்றுவிடும். நல்ல உரையாசிரியர்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தார்கள். அருஞ்சொல்லை விளக்குவார்கள், இலக்கணக் குறிப்பைத் தருவார்கள், ஒத்த இடத்தை எடுத்துக்காட்டுவார்கள். பாடலின் முன் நம்மைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு விலகிக்கொள்வார்கள். நச்சினார்க்கினியரின் மேற்கோள்கள் சாமிநாதையரைத் தேடவைத்தன என்று சொன்னேன் அல்லவா? தேடவைக்கும் உரையே உரை.

இவ்விடத்திலே விளையாட்டாக்குவோரிடம் நாம் கற்றுக்கொள்ளத்தக்க தொழில்நுட்பம் ஒன்று உண்டு. ஜொனதன் புளோ என்பவர் 2016இல் வெளியிட்ட 'த விட்னஸ்' என்னும் விளையாட்டிலே ஐந்நூறுக்கு மேற்பட்ட புதிர்கள் இருக்கின்றன. அவற்றின் விதிகளை விளக்கும் வார்த்தை ஒன்றுகூட இல்லை. கோடு இழுக்கும் பலகைகள் வரிசையாக நிற்கும். முதற்பலகை குழந்தைக்கும் எளிது. இரண்டாவதில் ஒரு சிறு மாற்றம். மூன்றாவதில் நாம் கொண்ட எண்ணம் பிழை என்று தெரியவரும். ஆறாவது பலகைக்கு வரும்போது, எவரும் சொல்லாமலே அந்த விதி நம்முடையதாகிவிடுகிறது. ஆக்கியோன் வாய் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு பலகையையும் எதன் பின் எதை வைப்பது என்று எண்ணி எண்ணி அடுக்கியிருக்கிறான். ஆசிரியரின் உழைப்பும் அங்கேதான் இருக்கவேண்டும் என்று தோன்றுகிறது. உள்ளுறையை வரைவிலக்கணத்தோடு தொடங்காமல், எளிய பாடல்கள் நான்கை ஒழுங்காக அடுக்கிக் கொடுத்துவிட்டு, "இந்த நான்கிலும் ஏன் மரமும் பறவையும் திரும்பத் திரும்ப வருகின்றன?" என்று கேட்டுப் பாருங்கள். மாணவர் சொல்லும் விடை நூலில் உள்ள சொற்களில் இராது. ஆனால் அது அவருடைய விடையாக இருக்கும். அதன் பின்னர் இலக்கணம் வைத்த பெயரைச் சொன்னால், தான் கண்டதற்கு ஒரு பெயர் கிடைத்தது என்று மகிழ்வார்.

நான் பெயர் சொன்ன விளையாட்டுகளை வாங்கிக் கொடுங்கள் என்று பெற்றோரிடம் கேட்க நான் வரவில்லை. அவை விலை கொடுத்து வாங்க வேண்டியவை. பலவற்றுக்கு நல்ல கணினியும் ஆங்கில வாசிப்பும் தேவை. நம் ஊர்ப் பிள்ளைகளுட் பலருக்கு இவை எட்டா. ஆனால் அவ்விளையாட்டுகள் தரும் அந்த இன்பத்துக்கு மின்சாரம்கூடத் தேவையில்லை. பாட்டியிடம் விடுகதை இருக்கிறது. நூலகத்திலே குறுந்தொகை இருக்கிறது. ஒரு பாடல் எட்டு அடிக்கு மேற்போவது அரிது. கூற்று யாருடையது என்பதை மறைத்துவிட்டுக் கொடுத்தால், பேசுவது தலைவியா தோழியா என்று வகுப்பு முழுவதும் வழக்காடும்.

ஆகவே ஆசிரியர்களிடமும் பெற்றோர்களிடமும் என் வேண்டுகோள் ஒன்றே. கிழமைக்கு ஒரு பாடலையேனும் பொழிப்புரை இன்றிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அருஞ்சொற்களுக்கு மட்டும் பொருள் எழுதிவிடுங்கள். பின்னர் ஐந்து நிமிடம் மௌனமாக இருங்கள். அந்த ஐந்து நிமிடம் ஆசிரியருக்கு மிகக் கடினமானது; விடை நாக்கின் நுனியிலே நிற்கும். அதை அடக்கிக்கொள்ள வேண்டும். யாராவது ஒரு பிள்ளை கை உயர்த்தி, பரீட்சைக்கு உதவாத, ஆனால் தானே கண்ட ஒன்றைச் சொல்லும். அதைக் கேட்டுக்கொள்ளுங்கள், பிழையானாலும் உடனே திருத்திவிடாதீர்கள். அடுத்த பாடல் அதைத் திருத்தும்.